ஜோ மான்சின்: செனட்டில் 14 வருடம், காலநிலைச் சட்டங்களில் அவர் கணக்கு என்ன?

மலைச்சாரல்:

டிரம்ப் 2025 ஜூலை 4-ல் கையெழுத்திட்ட வரிச் சட்டம், 2022 காலநிலைச் சட்டத்தின் (பணவீக்கக் குறைப்புச் சட்டம்) சலுகைகள் பலவற்றை வெட்டியது. அது பற்றிய இழையில் மேற்கு வர்ஜீனியாவின் முன்னாள் செனட்டர், ஜனநாயகக் கட்சியில் இருந்த மான்சின் பெயர் வந்ததும் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. பாதிப் பேர் "எல்லாவற்றையும் கெடுத்தவரே அவர்தான்" என்கிறார்கள். மீதிப் பேர் "அவர் கை தூக்காவிட்டால் 2022 சட்டமே கிடையாது" என்கிறார்கள். இரண்டுக்கும் ஓட்டுப் பதிவில் ஆதாரம் இருக்கிறது. அதனால் தனி இழை.

நான் இருப்பது மேற்கு வர்ஜீனியாவின் மார்கன்டவுனில். மான்சின் பிறந்த ஃபார்மிங்டன் இங்கிருந்து பக்கம்தான். 1968 நவம்பரில் அந்த ஊர்ச் சுரங்கம் வெடித்து 78 பேர் செத்தார்கள். அதில் அவருடைய மாமாவும் ஒருவர். இந்தப் பக்கத்து ஆட்களிடம் நிலக்கரி பற்றிப் பேச்செடுத்தால், சுரங்கத்தில் போன உறவுக்காரர் யாராவது ஒருவர் பேச்சில் வந்துவிடுவார்.

சரி, பதிவுக்கு வருவோம். ஆளுநராக இருந்தபோது 2009-ல் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 2025-க்குள் மாநில மின்சாரத்தில் 25 விழுக்காடு "மாற்று மற்றும் புதுப்பிக்கத்தக்க" மூலங்களிலிருந்து வரவேண்டும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் "மாற்று" பட்டியலில் கழிவு நிலக்கரி, இயற்கை எரிவாயு, பழைய டயரை எரிப்பது எல்லாம் சேர்த்தி. ஒரு காற்றாலைகூட நடாமல் இலக்கைத் தொட்டுவிடலாம். அதையும்கூட மாநில சட்டமன்றம் 2015-ல் தூக்கிவிட்டது.

2010 ஜூனில் செனட்டர் ராபர்ட் பைர்ட் இறந்து இடைத்தேர்தல் வந்தது, மான்சின் நின்றார். அவரே துப்பாக்கியைத் தூக்கி ஒரு மசோதாவைச் சுடும் தேர்தல் விளம்பரம் அப்போது வந்ததுதான். அவர் சுட்டது கேப் அண்ட் டிரேட் மசோதா, அதாவது உமிழ்வுக்கு உச்சவரம்பு வைத்து உரிமங்களை வாங்கி விற்கும் ஏற்பாடு. அது 2009 ஜூனில் கீழவையில் 219-212 என்று தேறியது. செனட்டில் ஓட்டுக்கே வராமல் 2010 ஜூலையில் கைவிட்டுவிட்டார்கள். மான்சின் சுட்டது அக்டோபரில். செத்த பாம்பை அடித்து வீரர் ஆனவர்.

அப்புறம் 2014-ல், கனடா எண்ணெயை அமெரிக்காவுக்குக் கொண்டுவரும் கீஸ்டோன் எக்ஸ்எல் குழாய்த்திட்டத்துக்கு ஆதரவு. 2015 நவம்பரில் ஒபாமாவின் மின்நிலைய உமிழ்வு விதிகளை ரத்து செய்யும் தீர்மானத்துக்கு ஆதரவு. அது 52-46-ல் தேறியது, ஒபாமா வீட்டோ செய்தார். 2017-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்குத் தலைவராக, அதன்மீதே வழக்குகள் போட்ட ஸ்காட் புரூயிட்டை நியமிக்க, சொந்தக் கட்சியில் ஹைட்கேம்ப்பும் இவரும் மட்டும் ஓட்டுப் போட்டார்கள். 2019 பசுமைப் புது உடன்படிக்கைத் தீர்மானத்துக்கு, கட்சியின் பெரும்பாலோர் ஆதரவும் எதிர்ப்பும் இல்லாமல் "இருக்கிறேன்" என்று மட்டும் சொன்ன இடத்தில் இவர் "இல்லை" என்று போட்டார்.

இதே மனிதர்தான் 2022 ஆகஸ்டில் அமெரிக்க வரலாற்றின் மிகப் பெரிய காலநிலைச் சட்டத்தைச் செனட் பெரும்பான்மைத் தலைவர் ஷூமருடன் உட்கார்ந்து எழுதினார். 369 பில்லியன் டாலர். பைடன் கையெழுத்திட்ட பேனாவை இவர் கையில்தான் கொடுத்தார்.

அவர் மாறவே இல்லை என்பது என் வாதம். சாம தான பேத தண்டத்தில் அவர் தானத்துக்கு, அதாவது பணச் சலுகைக்கு, எப்போதும் சம்மதம்; தண்டத்துக்கு, அதாவது கட்டாயத்துக்கும் அபராதத்துக்கும், எப்போதும் எதிர்ப்பு. அந்த ஒரு கோட்டை வைத்துப் பார்த்தால் 2009-லிருந்து எல்லா ஓட்டும் ஒரே வரிசையில் வரும். தண்டமில்லாத சட்டத்தைக் கலைப்பது சுலபம் என்பதும் 2025-ல் தெரிந்துவிட்டது.

செங்காந்தள்:

கோட்பாடு, கோடு என்றெல்லாம் மரியாதையாகச் சொல்கிறீர்கள். நான் நேராகவே சொல்கிறேன். 1988-ல் எனர்சிஸ்டம்ஸ் என்று நிலக்கரித் தரகுக் கம்பெனி ஆரம்பித்தவர். இப்போது மகன் நடத்துகிறார். அந்தக் கம்பெனி கிராண்ட் டவுன் மின்நிலையத்துக்குக் கழிவு நிலக்கரி கொடுக்கிறது. 2020-க்கு அவர் தாக்கல் செய்த சொத்து விவரத்திலேயே அதிலிருந்து வந்த வருமானம் 5 லட்சம் டாலரை நெருங்குகிறது. நீங்கள் சொன்ன 2009 சட்டத்தில் கழிவு நிலக்கரி "மாற்று" ஆனது எப்படி என்று இன்னும் விளக்கம் வேண்டுமா?

2021-ல் செனட் எரிசக்திக் குழுவின் தலைவரும் அவரே. மின் கம்பெனிகள் வருடத்துக்கு 4 புள்ளி தூய மின்சாரத்தைக் கூட்டினால் பணம், கூட்டாவிட்டால் அபராதம் என்ற 150 பில்லியன் டாலர் திட்டத்தை 2021 அக்டோபரில் கொன்றது யார்? 555 பில்லியன் காலநிலைச் செலவு இருந்த பைடனின் பெரிய மசோதாவை டிசம்பர் 19-ம் தேதி ஃபாக்ஸ் நியூஸில் போய் உட்கார்ந்து "என்னால் முடியாது" என்று முடித்தது யார்? அதற்குப் பிறகு ஏழு மாதம் நாட்டையே காத்திருக்க வைத்துவிட்டு, 369-க்கு இறங்கி வந்ததற்கு நாம் நன்றி சொல்ல வேண்டுமாம்.

கணக்குப்பிள்ளை:

செங்காந்தள், வருமானம் பற்றிச் சொன்னது சரி. பங்குகள் பிளைண்ட் டிரஸ்டில், அதாவது அவர் தலையிட முடியாதபடி வேறொருவர் நிர்வாகத்தில், இருக்கின்றன என்பது அவர் தரப்புப் பதில், செனட் விதிப்படி அது குற்றமும் ஆகாது. விதி அப்படி இருப்பது வெட்கக்கேடு என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் மலைச்சாரலின் தானம்-தண்டம் வாதத்தில் ஒரு விடுபடல் இருக்கிறது. நான் வரி வேலையில் இருப்பவன், அதனால் சட்ட வாசகம்தான் முதலில் கண்ணில் படும். 2021-22-ல் செனட் 50-50. ஃபிலிபஸ்டர், அதாவது விவாதத்தை முடிக்கவிடாமல் மசோதாவைத் தடுக்கும் வழக்கம், இருக்கும்வரை சாதாரண மசோதாவுக்கு 60 ஓட்டு வேண்டும். அதைத் தாண்ட இருந்த ஒரே வழி ரீகன்சிலியேஷன், சாதாரணப் பெரும்பான்மையிலேயே தேறும் பட்ஜெட் நடைமுறை. அந்த வழியில் வரி, செலவு இரண்டை மட்டும்தான் தொடலாம். "2035-க்குள் இத்தனை விழுக்காடு" என்று சட்டக் கட்டளை போட அதில் இடமில்லை. அந்த 150 பில்லியன் திட்டமே கட்டளையைப் பணப் பட்டுவாடா மாதிரி வேஷம் கட்டி உள்ளே நுழைக்கப் பார்த்ததுதான். ஆக, மான்சின் இல்லாவிட்டாலும் அந்தச் சட்டம் பெரும்பாலும் வரிச்சலுகையாகத்தான் வந்திருக்கும்.

இன்னொன்று. 2022 சட்டத்தில் தண்டமே இல்லை என்பதும் தவறு. மீத்தேன் கட்டணம் இருந்தது. எண்ணெய், எரிவாயுக் கம்பெனிகள் வரம்பைத் தாண்டிக் கசியவிட்டால் டன்னுக்கு 2024-ல் 900 டாலர், 2025-ல் 1,200, 2026-லிருந்து 1,500. 2025-ல் முதலில் விழுந்தது எது என்று பாருங்கள். அதை வசூலிக்கும் விதியை மார்ச்சிலேயே ரத்து செய்தார்கள், ஜூலைச் சட்டத்தில் கட்டணத்தையே 2034-க்குத் தள்ளிவிட்டார்கள். தண்டம் வைத்தால் சட்டம் நிலைக்கும் என்பதற்கு இதில் சாட்சி இல்லையே?

மலைச்சாரல்:

மீத்தேன் விஷயம் நல்ல அடி. ஆனால் அதில் அவர் கைவேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கசிவைச் சரிசெய்ய என்று 1.5 பில்லியன் டாலருக்கு மேல் அதே கம்பெனிகள் பக்கம் போகும்படி ஒரு நிதியும் கூடவே வைத்தார்கள், கட்டணம் ஒரு வரம்புக்கு மேற்பட்ட பெரிய நிலையங்களுக்கு மட்டும் என்றும் ஆயிற்று. ஒரு கையால் அடித்து மறு கையால் தைலம் தடவின கதை.

நெய்வேலிக்காரன்:

எனக்கு அமெரிக்கச் சட்டம் அவ்வளவு தெரியாது. ஆனால் நிலக்கரி ஊரில் வளர்ந்தவன். எங்கள் டவுன்ஷிப்பில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தெருவிளக்கு வரை பழுப்பு நிலக்கரிக் காசு. அங்கே ஒரு எம்.பி. எழுந்து "சுரங்கத்தை மூடு" என்று சொல்லிவிட்டு மறுபடி ஓட்டுக் கேட்டு வரமுடியுமா? நிலத்தைக் கொடுத்துவிட்டு வேலை கிடைக்காமல் நிற்கிறவன் பேச்சு வேறு, குவார்ட்டர்ஸில் இருக்கிறவன் பேச்சு வேறு, அதுவும் தெரியும். கேள்வி இதுதான்: அவர் அந்த ஊர்த் தொழிலாளிக்கு என்ன வாங்கிக் கொடுத்தார்? அதைச் சொல்லாமல் எத்தனை பில்லியன் என்று எண்ணிக்கொண்டிருந்தால் எப்படி?

கணக்குப்பிள்ளை:

கேட்க வேண்டிய கேள்வி, நெய்வேலிக்காரன் ஐயா. சிலது இருக்கிறது.

சுரங்கத் தொழிலாளிகளுக்கு நுரையீரல் கறுத்துப் போகும் நோய் இருக்கிறதே, அவர்களுக்கு உதவித்தொகை தரும் நிதிக்கு ஒவ்வொரு டன் நிலக்கரி மீதும் வரி உண்டு. காங்கிரஸ் அவ்வப்போது நீட்டித்துக்கொண்டே வந்து, 2021 முடிவில் விட்டுவிட்டார்கள், வரி பாதிக்கும் கீழே இறங்கிப் போனது. 2022 சட்டம் பழைய விகிதத்தையே நிரந்தரமாக்கியது. சுரங்கத்தடி நிலக்கரிக்கு டன்னுக்கு 1.10 டாலர், மேற்பரப்புச் சுரங்கத்துக்கு 55 சென்ட். காலநிலைச் சட்டத்துக்குள் இது ஏன் என்று கேட்டால் காரணம் மான்சின்தான்.

அடுத்து, நிலக்கரிச் சுரங்கமோ நிலக்கரி மின்நிலையமோ மூடிய பகுதிகளில் திட்டம் வந்தால் கூடுதல் சலுகை. மேற்கு வர்ஜீனியாவின் வியர்ட்டனில் பழைய எஃகு ஆலை நின்ற இடத்தில் ஃபார்ம் எனர்ஜி என்ற கம்பெனி இரும்பு-காற்று பேட்டரித் தொழிற்சாலை கட்டியது. மழை நாட்களிலும் காற்றில்லாத நாட்களிலும் கிரிட்டுக்கு, அதாவது மின்கட்டமைப்புக்கு, மின்சாரம் கொடுக்கும் ரகம், கார் பேட்டரி இல்லை. 2021 உள்கட்டமைப்புச் சட்டத்திலும் அவர் பேச்சுவார்த்தைக் குழுவில் இருந்தார். கைவிட்ட சுரங்கங்களைச் சீர்செய்ய மட்டும் அதில் 11 பில்லியன் டாலருக்கு மேல்.

செங்காந்தள்:

அப்படியே இதையும் சொல்லுங்கள். கடலில் காற்றாலைக்கு இடம் ஏலம் விடவேண்டும் என்றால், அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் 6 கோடி ஏக்கர் கடற்பரப்பை எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் ஏலத்தில் வைத்திருக்க வேண்டும். பத்து வருடத்துக்கு இந்த நிபந்தனை. இதுவும் அதே சட்டத்தில்தான், இதுவும் அவர் கைங்கர்யம்தான்.

அப்புறம் மவுண்டன் வேலி குழாய். மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வர்ஜீனியாவுக்கு 303 மைல். நீதிமன்றம் திரும்பத் திரும்ப அனுமதியை ரத்து செய்துகொண்டிருந்தது. 2023 ஜூனில் கடன் உச்சவரம்புச் சட்டத்துக்குள் அந்த ஒரே ஒரு குழாயின் பெயரை எழுதி, எல்லா அனுமதியும் கொடுத்தாயிற்று, இனி வழக்கும் போடக்கூடாது என்று வைத்தார்கள். ஒரு தனி மனிதர் கேட்டதற்காக நாடாளுமன்றம் நீதிமன்றத்தின் கதவைப் பூட்டியது. 2024 ஜூனில் எரிவாயு ஓட ஆரம்பித்துவிட்டது. வழியில் நிலம் போனவர்களும் மேற்கு வர்ஜீனியாக்காரர்கள்தானே, நெய்வேலி அண்ணா? அவர்களுக்கு என்ன வாங்கிக் கொடுத்தார்?

நெய்வேலிக்காரன்:

அது சரியான கேள்விதாம்மா. நிலம் போனவன் வலி எங்களுக்குப் புதிதில்லை.

ஸ்கார்பரோ செல்வன்:

அண்ணைமார், கனடாப் பக்கத்துக் கதை ஒன்றையும் சேர்க்கிறன். 2021 மசோதாவில் மின்காருக்கு 7,500 டாலரோடு இன்னொரு 4,500, ஆனால் அமெரிக்காவில், தொழிற்சங்கம் இருக்கிற ஆலையில் செய்த காருக்கு மட்டும் என்று இருந்தது. இங்கை ஒன்ராறியோ கார்த் தொழிலுக்குப் பெரிய பயம். ஒட்டாவாவில் இருந்து ஆட்கள் வாஷிங்டனுக்கு ஓடி ஓடிக் கதைச்சவை. அந்தக் கூடுதல் சலுகையை எதிர்த்தவர் மான்சின். தன்ரை மாநிலத்தில் பஃபலோ என்ற ஊரில் டொயோட்டா ஆலை இருக்கு, அங்கை சங்கம் இல்லை. அங்கேயே நின்றுதான் எதிர்ப்பைச் சொன்னவர். கடைசிச் சட்டத்தில் "வட அமெரிக்காவில் பொருத்திய கார்" என்று மாறினது. எங்களுக்கு அது பெரிய ஆறுதல்.

அதே ஆள் 2022 ஏப்ரலில் அல்பர்ட்டாவுக்கு வந்து எண்ணெய் மணல் பார்த்து, அப்போதைய அல்பர்ட்டா முதல்வர் ஜேசன் கென்னியோடை நின்று கனடா எண்ணெயை வாங்கவேணும் என்றும் சொன்னவர். காலநிலைக்காரர் எவரும் அதை மறக்கேல்லை.

கணக்குப்பிள்ளை:

செல்வன் சொன்னதன் தொடர்ச்சி. மின்கார்ச் சலுகையில் பேட்டரிக் கனிமம் எங்கிருந்து வந்தது என்ற நிபந்தனையும் மான்சின் வைத்ததுதான். சீனாவை வெளியே வைப்பது நோக்கம். நிதித்துறை 2022 டிசம்பர் கடைசியில் விளக்கம் வெளியிட்டபோது குத்தகைக்கு விடும் கார்களை வணிக வாகனம் என்று வகைப்படுத்தி, நிபந்தனை இல்லாமலே சலுகை போகும்படி விட்டது. மனிதருக்கு வந்ததே கோபம். "நான் எழுதிய சட்டத்தை நீங்கள் மாற்றி எழுதுகிறீர்கள்" என்கிற தோரணையில் வழக்குப் போடுவேன் என்று மிரட்டும்வரை போனார். அவர் கணக்கில் அது எரிசக்திப் பாதுகாப்புச் சட்டம், வெள்ளை மாளிகைக் கணக்கில் காலநிலைச் சட்டம். இருவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேறு வேறு சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறார்கள்!

சோழிங்கநல்லூர் சாரதி:

ஓரமாக ஒரு சந்தேகம். காஞ்சிபுரம் மாவட்டம் பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஃபர்ஸ்ட் சோலார் என்ற அமெரிக்கச் சூரியப் பலகைக் கம்பெனி 2024 ஜனவரியில் 3.3 கிகாவாட் தொழிற்சாலை திறந்தார்களே, அதற்கும் இந்தச் சட்டச் சலுகை கிடைக்குமா?

கணக்குப்பிள்ளை:

கிடைக்காது. தயாரிப்புச் சலுகை அமெரிக்க மண்ணில் செய்த பலகைக்கு மட்டும். அதே கம்பெனியின் ஓஹையோ ஆலைகளுக்கு உண்டு.

நெறியாளர்:

ஒரு பதிவு நீக்கப்பட்டது. மான்சினைத் திட்டலாம், சக உறுப்பினரை "கரி ஏஜெண்ட்" என்று சொல்ல வேண்டாம்.

செங்காந்தள்:

மேலே கணக்குப்பிள்ளை சார் ஃபிலிபஸ்டரைக் காரணம் காட்டினார். அதைக் காத்து நின்றது யார்? 2022 ஜனவரியில் விதியை மாற்றும் ஓட்டில் 48-52 என்று தோற்றபோது சொந்தக் கட்சிக்கு எதிராக நின்ற இருவர் அரிசோனா செனட்டர் கிர்ஸ்டன் சினிமாவும் மான்சினும். அது வாக்குரிமைச் சட்டத்துக்காக வந்த ஓட்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டவரைப் பார்த்து "பாவம், ஜன்னல் வழியாகத்தான் வர முடிந்தது" என்று எழுதுகிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:

அதற்கு என்னிடம் பதில் இல்லை, சரியான பாயிண்ட். ஒன்று மட்டும் கேட்கிறேன். ஃபிலிபஸ்டர் 2022-ல் போயிருந்தால் 2025-ல் அந்தப் பக்கம் வந்தவர்கள் 51 ஓட்டில் தூய காற்றுச் சட்டத்தையே திருத்தியிருக்க மாட்டார்களா?

மலைச்சாரல்:

இந்தத் தர்க்கம் முடிவே இல்லாமல் போகும். நான் 2025-க்குத் திரும்புகிறேன், என் வாதத்துக்கு அங்கேதான் வேலை.

எது போனது, எது நின்றது? மின்கார்ச் சலுகை செப்டம்பர் 30-ஓடு முடிந்தது. வீட்டுக்கூரை சூரியப் பலகைக்கான சலுகை வருடக் கடைசியோடு சரி. பெரிய காற்றாலை, சூரியத் திட்டங்கள் 2026 ஜூலை 4-க்குள் வேலை தொடங்க வேண்டும், தவறினால் 2027 முடிவதற்குள் ஓடத் தொடங்க வேண்டும். ஆனால் அணுமின், புவிவெப்பம், கிரிட் பேட்டரி, கரிவாயுவைப் பிடித்துப் புதைப்பது இவற்றுக்கான சலுகை பெரும்பாலும் தப்பித்தது. பிடித்த கரிவாயுவை எண்ணெய் எடுக்கவோ வேறு பொருள் செய்யவோ பயன்படுத்துவதற்கானது இன்னும் தாராளமானது. போதாததற்கு எஃகு உலைக்குப் போகும் நிலக்கரிக்கு 2.5 விழுக்காடு என்று ஒரு புதுச் சலுகையும் முளைத்தது.

தப்பித்த பட்டியலைப் படித்தால் மான்சின் குழுவில் உட்கார்ந்து பேசியதைப் படிப்பது போலவே இருக்கும். 2020-ல் குடியரசுக் கட்சி செனட்டர் மர்கவ்ஸ்கியோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த எரிசக்திச் சட்டத்திலும் இதே சாமான்கள்தான்: புது அணு உலை, சேமிப்பு, கரிவாயுப் பிடிப்பு, புவிவெப்பம். "எதையும் நிறுத்தாதே, எல்லாவற்றையும் சேர்" என்ற அவர் வழியில் குடியரசுக் கட்சிக்காரரும் பிழைத்துக்கொள்வார்கள். காற்றாலையும் சூரியப் பலகையும் அவர் இறங்கிவந்து கொடுத்தவை, பறிபோனவையும் அவைதான்.

செங்காந்தள்:

நன்றாகவே கோர்த்திருக்கிறீர்கள். ஆனால் உமிழ்வைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கு காற்றாலைக்கும் சூரியப் பலகைக்கும்தான். 2022-ல் முக்கிய ஆய்வுக் குழுக்கள் 2005-ஐ விட 2030-ல் ஏறக்குறைய 40 விழுக்காடு குறையும் என்று கணக்குப் போட்டது அவற்றை நம்பித்தான். நின்று பிழைப்பது எது என்பதை மட்டும் வைத்து மதிப்பிட்டால், வேலைக்கு ஆகாத பகுதி நின்றுவிட்டது, வேலைக்கு ஆகும் பகுதி போய்விட்டது என்றல்லவா முடிகிறது?

ஒன்றையும் மறக்க வேண்டாம். 2023 மே-யில் மின்நிலையங்களுக்கு உமிழ்வு விதி வரப்போகிறது என்றதும், சுற்றுச்சூழல் முகமைக்குப் பைடன் யாரை நியமித்தாலும் எதிர்ப்பேன் என்று அறிவித்தார். கரிவாயுவைப் பிடித்துப் புதைத்தால் அந்த விதியை நிறைவேற்றலாம். அதற்கான பணத்தை அவர்தான் சட்டத்தில் வைத்தார். அதைப் பயன்படுத்தச் சொன்னதும் கோபம் வந்துவிட்டது.

மலைச்சாரல்:

அதுதான் நான் முதல் பதிவில் சொன்ன கோடு. பணம் வாங்கிக்கொள், கட்டாயப்படுத்தாதே.

நெய்வேலிக்காரன்:

தேர்தல் கணக்கையும் யாராவது சொல்லுங்கள். அவர் போன பிறகு என்ன ஆச்சு?

மலைச்சாரல்:

2018-ல் மூன்று புள்ளி வித்தியாசத்தில்தான் தேறினார். 2020-ல் அதே மாநிலத்தில் டிரம்ப் 39 புள்ளி முன்னால். 2023 நவம்பரில் இனி நிற்கவில்லை என்று சொல்லிவிட்டார், 2024 மே கடைசியில் கட்சியை விட்டுச் சுயேச்சை. அந்த இடத்துக்கு ஜிம் ஜஸ்டிஸ் வந்தார். இவரும் நிலக்கரிக் கம்பெனி முதலாளிதான், இவர் குடியரசுக் கட்சி. 2025 ஜூலையில் செனட்டில் 50-50 ஆகித் துணை அதிபர் வான்ஸ் ஓட்டால் தேறிய அந்த வரிச் சட்டத்தில் ஜஸ்டிஸ் ஓட்டு ஆதரவு.

செங்காந்தள்:

இருந்திருந்தால் எதிர்த்திருப்பார் என்கிறீர்களா?

மலைச்சாரல்:

தான் எழுதிய சட்டத்தைக் கிழிக்க அவர் ஓட்டுப் போட்டிருக்க மாட்டார் என்பது என் ஊகம். அவர் கடைசியாக முயன்றது வேறு. 2024 ஜூலையில் குடியரசுக் கட்சி செனட்டர் பராசோவோடு சேர்ந்து அனுமதிச் சீர்திருத்த மசோதா கொண்டுவந்தார். மாநில எல்லை தாண்டும் மின்கம்பித் தடங்களுக்கு மத்திய அதிகாரம், கூடவே எண்ணெய் ஏலத்துக்குக் கட்டாயம், திரவ எரிவாயு ஏற்றுமதி விண்ணப்பத்துக்கு 90 நாள் கெடு. குழுவில் 15-4. டிசம்பரில் பேச்சு முறிந்து மசோதா அப்படியே செத்தது. காற்றாலை மின்சாரத்தை ஊருக்குக் கொண்டுவரும் கம்பிக்கு அந்த மாதிரி ஒரு சட்டம் இன்றைக்கும் இல்லை.

செங்காந்தள்:

மின்கம்பிப் பகுதியை மட்டும் தனியாகக் கொண்டுவந்திருந்தால் நானே கொடி பிடித்திருப்பேன்.

மலைச்சாரல்:

தனியாக வந்திருந்தால் பராசோ கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்.